ஒரு தாளம், மூன்று குரல்

கேள்வி: பீனி மேனின் ‘ஹூ ஆம் ஐ’, மிஸ்டர் வேகாஸின் ‘நைக்கி ஏர்’, ஷான் பாலின் ‘இன்ஃபில்ட்ரேட்’ இந்த மூன்று ஜமைக்கா பாட்டுக்கும் பின்னணி இசை ஒன்றாகவே இருக்கிறதே, யார் யாரிடம் சுட்டது?

பதில்: யாரும் சுடவில்லை. ஜமைக்காவின் ‘டான்ஸ்ஹால்’ என்ற நடன இசையில் வழக்கமே அதுதான். பாட்டு இல்லாத பின்னணியை அங்கே ‘ரிடிம்’ என்பார்கள். தயாரிப்பாளர் ஒன்றைச் செய்துவிட்டு, ஒவ்வொரு கலைஞராகக் கூப்பிட்டுப் பாட வைப்பார். நீங்கள் சொன்ன மூன்றும் ‘பிளேகிரவுண்ட்’ ரிடிம்; தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஜெரமி ஹார்டிங் செய்தது. (பின்னாளில் ஷான் பாலுக்கு மேனேஜரும் இவரே.)

நம் சினிமாவில் மெட்டுக்குத்தான் பாட்டு எழுதுவார்கள். டான்ஸ்ஹாலில் தாளமும் பேஸும் (அடிஸ்தாயி இசை) மட்டும் பொது, மெட்டு அவரவர் கைச்சரக்கு. அதனால் ஒரே ரிடிமில் நல்லவர் யார், சுமார் யார் என்பது உடனே தெரிந்துவிடும்! ஒரு ராத்திரி பஸ்ஸில் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டேன். என் ஓட்டு பீனி மேனுக்கு. பி.எம்.டபிள்யூ சாவி யாரிடம் என்று கேட்டு ஆரம்பிக்கிறார் பாருங்கள், அந்த இடத்தில் தூக்கம் போய்விட்டது. ஷான் பால் அப்போது புதுசு. 2003இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அவருடைய ‘கெட் பிஸி’யும் இன்னொரு பொது ரிடிம்தான். அதன் பெயர், நம்புங்கள், ‘திவாலி’!

அப்புறம் ஒன்று: அங்கே ‘டீஜே’ என்றால் மைக் பிடித்துப் பாடுபவர். ரெக்கார்டு போடுபவர் ‘செலக்டர்’. குழப்பிக்கொள்ளாதீர்கள்.