ஒரே கொட்டில், இரண்டு பை, இரண்டு அளவு

கேள்வி: ஐயா, கோப்பாயில் 1,200 முட்டைக்கோழி வளர்க்கிறேன். நாற்றமென்று அயலவர் முறைப்பாடு செய்ததால், கொட்டில் காற்றை ஒரே நேரத்தில் இரண்டு பைகளில் பிடித்து, ஐஸ்பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். ஒன்றுக்கு 900, மற்றதுக்கு 2,400 மண அலகு. பைக்குள் நீர்த்துளி இருந்ததாம். எதை நம்புவது?

பதில்: ஒன்றை மட்டும் தெரிவுசெய்ய வேண்டாம். இந்த அளவீட்டில் கருவி மனித மூக்குத்தான். மணமற்ற காற்றால் மாதிரியை ஐதாக்கி, முகர்ந்து பார்க்கும் குழுவில் பாதிப்பேருக்கு மட்டும் மணம் தெரியும் நிலையைத் தேடுவார்கள். எத்தனை மடங்கு ஐதாக்கினார்களோ அதுவே அலகு. இ.என். 13725 என்ற ஐரோப்பிய நியமமே, ஒரே காற்றை ஒரே ஆய்வுகூடம் இருமுறை அளந்தால் 3 மடங்கு வரை வேறுபாட்டை ஏற்கிறது. உங்களுடையது 2.7 மடங்கு. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: ஏறத்தாழ 1,470. ஒரேயொரு அளவீட்டை மட்டும் நம்பினால், உண்மை அளவிலிருந்து பிழை 2.2 மடங்கு வரை போகும். நான்கு அளவீடுகளின் பெருக்கல் இடை (நான்கையும் பெருக்கி நான்காம் மூலம்) எடுத்தால் 1.5 மடங்குக்குக் குறையும். அதனால் அடுத்த முறை நான்கு பை பிடியுங்கள், செலவானாலும்.

எனக்குக் கவலை ஐஸ்பெட்டிதான். மாரிகாலக் கொட்டில் காற்று ஈரம் நிறைந்தது. குளிர்ந்தால் பையின் சுவரில் நீர் படியும்; அமோனியாவும் கொழுப்பமிலங்களும் அதில் கரைந்துவிடும், மூக்குக்குப் போகாது. ஐஸ் வேண்டாம். 25 பாகைக்குக் கீழே, நீர் படியாத அளவில், வெயில் படாமல் கொண்டுபோங்கள். ஈரம் மிகுந்தால் பிடிக்கும்போதே உலர் நைதரசனால் ஐதாக்கி, எத்தனை மடங்கென்று பையில் எழுதுங்கள். 30 மணித்தியாலத்துக்குள் அளந்துவிட வேண்டும். பை மெல்ல மெல்ல மணத்தை இழக்கும்.

பிடிக்கும் முறையும் முக்கியம். பையைக் காற்றுப்புகாத வாளிக்குள் வைத்து, வாளியின் காற்றைப் பம்பால் இழுங்கள். பை தானாக நிரம்பும், மாதிரி பம்பைத் தொடாது. குழாய் டெஃப்லோனாக இருக்கட்டும், றப்பர் மணத்தை உறிஞ்சும். முதலில் ஒருமுறை நிரப்பி வெறுமையாக்கிவிட்டுப் பிடியுங்கள்.

ஆய்வுகூடத்திடம் ஒன்று கேளுங்கள்: முகரும் குழுவினரை, மூக்கைச் சோதிக்கும் நியம மணப்பொருளான பியூற்றனோலால் சோதித்தார்களா? ஒவ்வொருவரும் அதை நூறு கோடியில் 20 முதல் 80 பங்கு அளவில் உணர வேண்டும். அளவீட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பிருந்து தண்ணீர் தவிர எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது, புகைக்கவும் கூடாது.

பிடித்த நேரம், மரத்தூள் விரிப்பின் ஈரம், கொட்டில் பக்கத்திரைகள் திறந்திருந்தனவா என்பவற்றையும் குறித்து அனுப்புங்கள். விரிப்பு நனைந்த நாளையும் காய்ந்த நாளையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது.