மூன்றரை வயதில் பென்சில் அவசரமில்லை

வணக்கம் சகோதரி. பையனுக்கு மூன்றரை வயது, ப்ரீகேஜியில் சேர்க்கவில்லை, பென்சிலைக் கொடுத்தால் வீசிவிட்டு அழுகிறான், எல்கேஜியில் பின்தங்கிவிடுவானோ என்று ஓசூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். கட்டாயக் கல்விச் சட்டமே 6 வயதிலிருந்துதான் தொடங்குகிறது.

பென்சிலை எடுத்து வைத்துவிடுங்கள். அவன் விரல்களுக்கு இன்னும் அந்தப் பலம் வரவில்லை, அவ்வளவுதான். தர்மபுரியில் என் மகளுக்கு நான் செய்தது இது: முறத்தில் கேழ்வரகு மாவைப் பரப்பி, ஆள்காட்டி விரலால் கோடு இழுக்கச் சொல்வேன். முதல் வாரம் வெறும் கிறுக்கல். அப்புறம் ஒருநாள் வட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்து, "தோசைம்மா" என்றாள். ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டை அவளுக்கும் உண்டு. உருட்டி, கிள்ளி, தட்டித்தான் அவள் கைக்குப் பிடிமானம் வந்தது.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் போதும். ஆனால் பக்கத்திலேயே உட்காருங்கள். கொட்டையை மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும் வயது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் தெலுங்கு பேசுவதை நிறுத்தச் சொல்கிறார்கள் என்றீர்களே, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பாட்டி தெலுங்கிலேயே கதை சொல்லட்டும், நீங்கள் தமிழில் சொல்லுங்கள். குழந்தை இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.

மற்ற பிள்ளைகளோடு பழக அங்கன்வாடி இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஒருநாள் அவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கூப்பிட்டால் திரும்பாமலோ, பேச்சே வராமலோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.