ரேஸ் மைதானத்து மூத்த ரசிகர்களிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: வேலை காரணமாக அண்மையில் பெங்களூருக்குக் குடிவந்தேன். பணம் கட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும், குதிரைகளைப் பார்ப்பதற்காகவே அங்குள்ள ரேஸ் கோர்ஸுக்குப் போகிறேன். பல்லாண்டுகளாக வந்துகொண்டிருக்கும் பெரியவர்கள் ரேஸ் புத்தகமும் பேனாவுமாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுபவர்களும் உண்டு. தொந்தரவு தராமல் அவர்களிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி?
– வாசகர், பெங்களூரு

பதில்: முதலில் நேரம் பார்த்துப் பேசுங்கள். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ அரை மணி நேரம் கிடைக்கும். அதன் பிற்பாதியில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவரைக் கலைக்கக் கூடாது. பந்தயம் முடிந்து, ஜாக்கிகள் (குதிரையோட்டிகள்) சுமந்த எடையைக் காட்டி, முடிவு உறுதியாகும் வரையுள்ள சில நிமிடங்களே உங்களுக்கு ஏற்றவை. அப்போது, சற்றுமுன் கண்டதைப் பற்றிப் பேச அவருக்கே ஆவல் இருக்கும்.

"எந்தக் குதிரை ஜெயிக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் இரவெல்லாம் புத்தகத்தைப் புரட்டிக் கண்டடைந்ததை ஒரு சொல்லில் வாங்கிக்கொள்ள நினைப்பது நியாயமன்று. தவறிப்போனால் அவருக்குச் சங்கடமும் மிஞ்சும். அதற்குப் பதிலாக, "நல்லா முன்னால வந்த குதிரை கடைசி இருநூறு மீட்டர்ல ஏன் சார் தளர்ந்துபோச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். 1200 மீட்டரில் வென்ற குதிரையை முதன்முறையாக 1600 மீட்டரில் ஓடவிட்டதையும், வெற்றிக்குப் பிறகு ரேட்டிங் (குதிரையின் திறனுக்குத் தரும் மதிப்பெண்) உயர்ந்ததால், வல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றிப் போட்டியைச் சமன்செய்யும் ஹேண்டிகேப் பந்தயத்தில் அது கூடுதல் எடை சுமந்ததையும், பயிற்சி ஜாக்கி ஏறினால் குதிரைக்கு எடையில் சலுகை உண்டு என்பதையும், தந்தைக் குதிரையின் வம்சம் தூரத்துக்குத் தாங்குமா என்பதையும் அவர் அடுக்கிக்கொண்டே போவார். மதராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில், 1996-ஆம் ஆண்டு, குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டத்தால் ஆனதன்று, திறனே அதில் மேலோங்கியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு இத்தகைய கணிப்புகளே அடிப்படை. அந்தத் திறனை மதித்துக் கேட்பவரிடம் எந்தப் பெரியவரும் முகம் திருப்பிக்கொள்வதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கின் வேலியோரம் அவர் நிற்கும்போது நீங்களும் சற்றுத் தள்ளி நின்று, அவர் பார்ப்பதைப் பாருங்கள். கழுத்தில் வழியும் வியர்வை, காதுகளின் அசைவு, பின்னங்கால் எட்டி விழும் நடை ஆகியவற்றை வைத்துக் குதிரை பதற்றமாக இருக்கிறதா, ஓடத் தயாராக இருக்கிறதா என்று கணிக்கிறார்கள்.

நெருக்கம் சிறிது கூடியபின் பழைய காலத்தைப் பற்றிக் கேளுங்கள். 1963-இல் தொடங்கிய இன்விடேஷன் கோப்பை என்னும் பெரும் பந்தயம் வெவ்வேறு நகரங்களில் முறைவைத்து நடத்தப்படுவதால், அதற்காகவே ரயிலேறிப் போனவர்கள் அவர்களிடையே இருக்கலாம். பெங்களூரில் குதிரைகளைப் பழக்கிய ரஷீத் பைராம்ஜியின் பெயரையும், அவர் தயார்செய்த, 1970-களின் பெருங்குதிரையான ஸ்குவாண்டரரின் பெயரையும் சொன்னால் போதும். மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார்.

எவ்வளவு ஜெயித்தீர்கள், எவ்வளவு போயிற்று என்று எக்காரணம் கொண்டும் கேட்க வேண்டாம். அனுமதியின்றிப் படமும் எடுக்காதீர்கள்; ரேஸுக்கு வருவது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு.

கேள்வி: பழகியவர் ஒரு குதிரையைச் சொல்லி, நான் பணம் கட்டாவிட்டால் வருத்தப்படுவாரா?
– வாசகி, ஓசூர்

பதில்: பணம் கட்டுவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், உண்மையான ரசிகர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்ற 'டிப்ஸ்' சொல்லக் காசு கேட்பவரிடமும், சேர்ந்து பணம் போடலாம் என்று அழைப்பவரிடமும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மற்றபடி, அவர் சொன்ன குதிரையைத் தொடக்கத்திலிருந்து எல்லைக்கோடு வரை கண்ணெடுக்காமல் பாருங்கள். அது எந்த இடத்தில் உள்ளே நெருக்குண்டது, ஜாக்கி எப்போது முடுக்கினார் என்று நீங்கள் கண்டதைச் சொன்னால், அடுத்த பந்தயத்தில் உங்கள் கருத்தை அவரே கேட்பார்.