"எதுவும் தெரியலையே" என்கிறவருக்கு

அன்புள்ள ஐயா,

ஹிப்னோதெரபி (அறிதுயில் சிகிச்சை) பயில்கிறேன். "கடற்கரையில் நடக்கிறீர்கள், அலை தெரிகிறது" என்றதும் சிலர் எளிதில் ஆழ்ந்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும், "இருட்டாத்தான் இருக்கு, எதுவும் தெரியலையே" என்று கண்ணைத் திறந்துவிட்டார். அவர் படமாக நினைக்கும் காட்சி வகை அல்ல, ஒலியாக நினைக்கும் செவி வகை என்கிறார் என் நண்பர். ஆளுக்கேற்பப் பேச்சை மாற்றுவது எப்படி?

– வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவரிடம் குறையில்லை. மனக்கண்ணில் படமே எழாதவர்கள் உண்டு. 2015இல் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனும் சக ஆய்வாளர்களும் அதற்கு 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். உங்களிடம் வந்தவர் அந்த ரகமோ இல்லையோ, "தெரிகிறது" என்றதும் தேடிப் பார்த்திருக்கிறார், படம் இல்லை. அதன்பின் நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் மனம் சரிபார்க்கத் தொடங்கிவிடும்.

அதற்காகக் காட்சி வகை, செவி வகை என்று முத்திரை குத்தவும் வேண்டாம். பேச்சில் வரும் சொல்லையோ கண் போகும் திசையையோ வைத்து வகை பிரிப்பது ஆய்வுகளில் நிற்கவில்லை. எந்த விதப் பேச்சு ஒருவருக்குப் பொருந்தும் என்பதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலது கையைத் தோள் உயரத்துக்கு, உள்ளங்கை மேலே இருக்கும்படி நீட்டச் சொல்லுங்கள். "கையில் கனமான புத்தகம் இருக்கிறது, கை இறங்குகிறது" என்று அரை நிமிடம் நேரடியாகச் சொல்லுங்கள். சற்று ஓய்வு. பிறகு இடது கை: "ஏதோ ஒரு மாற்றம் வரலாம். கனமோ, வெதுவெதுப்போ... எதுவென்று கவனியுங்கள்." நீட்டிய கை சோர்ந்தாலும் இறங்கும். ஆகவே எவ்வளவு இறங்கியது என்பதைவிட, "நீங்களாக இறக்கினீர்களா, அதுவாக இறங்கியதா?" என்ற கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். அந்தப் பதிலை அவர் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "கல்லாட்டம் ஆயிடுச்சு" என்றால் இனி அவருக்குக் கல்தான். 'பாரம்' என்று நீங்கள் திருத்தக் கூடாது.

தமிழில் பாதி வேலையை வினைமுற்றே செய்துவிடும். தளர்கிறது, தளரட்டும், தளரலாம்: மூன்றும் மனதில் மூன்று விதமாக இறங்கும். கட்டளை பிடிக்காதவருக்கு 'லாம்' இடம் கொடுக்கும். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவரோ அதே 'லாம்' கேட்டு, 'வேண்டாம் என்றாலும் சரிதானே' என்று சும்மா இருந்துவிடுவார். அவருக்குத் 'தளர்கிறது' போதும். 'தளர்ந்துவிட்டது' என்பதை மட்டும் கண்ணால் பார்த்த பிறகே சொல்லுங்கள்.

எவ்வளவு பொருத்தமாகப் பேசினாலும் சிலருக்கு ஹிப்னாஸிஸ் குறைவாகவே பலிக்கும். அந்த இயல்பு ஆண்டுகள் போனாலும் பெரிதாக மாறுவதில்லை. அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

அடுத்த முறை அவரிடம் கடற்கரை வேண்டாம். அவர் மூச்சை வெளியே விடும்போது, "நாற்காலி முதுகைத் தாங்குகிறது... மூச்சு வெளியே போகிறது... தோள் இறங்குகிறது" என்று தொடங்குங்கள். அவர் சரிபார்த்தாலும் மூன்றும் உண்மையாகவே இருக்கும்.