கீமோ நடக்கும்போது சிஏ 19-9 ஏறினால்

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு அப்பாவின் சிஏ 19-9 (கணையம், பித்தக்குழாய்ப் புற்றுநோயில் ரத்தத்தில் பார்க்கும் குறியீடு) அளவு 410-லிருந்து 690 ஆகிவிட்டது, மருந்து கேட்கவில்லையா என்கிறீர்கள். இந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

பித்தக்குழாயில் ஸ்டென்ட் (பித்தம் ஓட வழி திறந்து வைக்கும் சிறு குழாய்) இருக்கிறது, கண் லேசாக மஞ்சளாகத் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். ஸ்டென்ட் அடைத்தால் பித்தம் தேங்கும். சிஏ 19-9 பித்தக்குழாயின் உட்சுவரிலும் சுரப்பதால், கட்டி வளராமலே ரத்தத்தில் அதன் அளவு எகிறும்.

1. அதே நாள் ரிப்போர்ட்டில் பிலிருபின், ஏஎல்பி, ஜிஜிடி (பித்தம் தேங்கினால் ரத்தத்தில் கூடுபவை) பாருங்கள். மூன்றும் கூடியிருந்தால் அடைப்பைத்தான் முதலில் தேட வேண்டும்.

2. அடைப்பு நீங்கி பிலிருபின் இறங்கியதும் சிஏ 19-9 மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிட அந்த எண்தான் உதவும்.

3. லேப் மாறியதா? கருவி மாறினால் ஒரே ரத்தத்துக்கும் வேறு வேறு அளவு வரும். கடைசிவரை ஒரே லேப்.

37-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். சிகிச்சையின் நடுவில் அதைவிடப் போக்குதான் முக்கியம். (சிலருக்கு லூயிஸ் என்ற ரத்த வகை காரணமாக இது சுரப்பதே இல்லை. 410 வந்தவருக்கு அந்தக் கேள்வி எழாது.)

பிலிருபின் சரியாக இருந்தும் அடுத்தடுத்த பரிசோதனைகளில் சிஏ 19-9 ஏறிக்கொண்டே போனால் அலட்சியம் வேண்டாம், சிடி ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கண் மஞ்சளானதை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். கூடவே குளிர் நடுக்கம், காய்ச்சல் வந்தால் ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.