ஒரு பகல் மட்டும் கொழும்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா குடும்பம் கப்பல் பயணமாக வருகிறார்கள். கொழும்பில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரைதான் கப்பல் நிற்கும். கண்டி, பின்னவல, காலி, கொழும்பு நகரம் என்று கப்பலிலேயே நாலு சுற்றுலா விற்கிறார்களாம். அக்கா கண்டிக்குத்தான் காசு கட்டப் போகிறா. நாங்களே ஒரு வான் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் மலிவாக முடியாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மலிவாக முடியும், ஆனால் கண்டிக்கு வேண்டாம். 8 மணிக்குக் கப்பல் வருகிறது என்றால் 8 மணிக்கே இறங்கிவிடலாம் என்று இல்லை. வரிசையில் நின்று துறைமுக வாசலுக்கு வர 9 ஆகிவிடும், 6 மணிக்குப் புறப்படும் கப்பலில் 5.30க்குள்ளாவது ஏறியிருக்க வேண்டும். மிஞ்சுவது எட்டரை மணித்தியாலம். கண்டி 115 கிலோமீற்றர் தூரம், கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டினால் தெரியும்தானே, போக மூன்றரை, வர மூன்றரை. அப்படிப் போனாலும் தலதா மாளிகையில் புத்தரின் பல் உள்ள பேழை இருக்கும் அறையைத் திறப்பது பூசை நேரங்களில், அதாவது காலை 5.30, 9.30, மாலை 6.30. இவர்கள் போய்ச் சேருவது சரியாக நடுவில்.

வழியில் ஒரு ரயர் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். கப்பற்காரர் தாங்களே விற்ற சுற்றுலாவின் பஸ் பிந்தினால் காத்திருப்பார்கள், உங்கள் வானுக்குக் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த துறைமுகத்துக்கு அக்கா குடும்பம் சொந்தக் காசில் விமானம் ஏற வேண்டியதுதான். அதனால் தூர இடம் போயே ஆக வேண்டும் என்றால் கப்பல் சுற்றுலாவில் போகட்டும், அதிலும் கண்டியை விடக் காலி நல்லது. அதிவேகப் பாதை இருக்கிறது, கோட்டைக்குள் எல்லாம் நடந்தே பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பின்னவல, ஆனால் யானைகள் ஆற்றில் இறங்கும் நேரத்துக்கு பஸ் போய்ச் சேருமா என்று கேட்டுவிட்டுக் காசு கட்டச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் அன்றைய பகலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்திலிருந்து ஓட்டோவில் கொஞ்ச நேரம், கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில் வந்துவிடும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த கோயில் அது, வெயிலில் இருந்து உள்ளே கால் வைத்ததுமே கல்லின் குளிர் பாதத்தில் ஏறும். மத்தியானம் நடை சாத்த முன்னர் போய்விடுங்கள். அப்புறம் செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்கள், நகைக்கடைகள், புறக்கோட்டையில் சிவப்புப் பள்ளிவாசல் (ஞாயிறு என்றால் கடைகள் பாதி பூட்டியிருக்கும்), பிறகு உங்கள் வீட்டில் சாப்பாடு. நண்டுக் குழம்புக்கு முன்னால் எந்தச் சுற்றுலாவும் நிற்காது! திரும்பும் வழியில் காலிமுகத்திடலில் இறால் வடை.

வெளியாட்களைத் துறைமுகத்துக்குள் சும்மா விட மாட்டார்கள், எந்த வாசலுக்கு வெளியே சந்திப்பது என்று முதலே பேசிவையுங்கள். இறங்கியதும் அக்காவின் கனடா போன் வேலை செய்யும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவுடன் சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு இடத்துக்கும் சுற்றுலா வாங்க வேண்டுமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: பினாங்குக்கு வேண்டாம். கப்பல் கட்டும் துறை ஜோர்ஜ் டவுன் நகரத்திலேயே இருக்கிறது. லிட்டில் இந்தியாவும் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் பக்கத்தில், அம்மாவுக்கு அந்தத் தூரமும் கஷ்டம் என்றால் டாக்சி. தண்ணீர்மலை முருகனைக் கீழே நின்றே கும்பிடுங்கள், ஐந்நூறுக்கு மேல் படி.

புக்கெட் வேறு கதை. அங்கே பல கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும். ஆடும் படகுக்குள் கால் மாற்றி வைப்பது அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் கப்பலும் அப்படியா என்று இப்போதே கேளுங்கள். விரைவுப் படகில் தீவு பார்க்கும் சுற்றுலாக்களை மறந்துவிடுங்கள், அந்தக் குலுக்கல் நல்ல முழங்காலுக்கே ஆகாது. இன்னொன்று, தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பிந்தியது. கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறதோ அதில் கைக்கடிகாரத்தை வையுங்கள், போனை நம்பாதீர்கள், அது தானாக மாறிவிடும்.

கேள்வி: சுற்றுலாவை முன்கூட்டியே வாங்குவதா, ஏறிய பிறகா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நல்லவை சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பே பதியுங்கள். எத்தனை நாளுக்கு முன்வரை ரத்துச் செய்யலாம் என்பதை மட்டும் வாசித்துவிட்டு. கடல் கொந்தளித்து அந்தத் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போனால், கப்பலில் வாங்கியதற்குக் காசு திரும்பி வரும். வெளியே ஏஜென்டிடம் கட்டியதற்கு, முதலே எழுத்தில் வாங்கியிருந்தால் உண்டு.