வேங்கையில் நிலை வைக்கலாமா?

கேள்வி: வீடு கட்டுகிறோம். தேக்கு கட்டுப்படியாகவில்லை. கதவு நிலைகளுக்கு வேங்கை மரம் போடலாம் என்கிறார் ஆசாரி. மரக்கடையிலோ பழுப்பாக இருப்பதையெல்லாம் வேங்கை என்கிறார்கள். எப்படி நம்பி வாங்குவது?

பதில்: ஆசாரி சொன்னது நல்ல யோசனைதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் விளையும் வேங்கை, வைரம் பாய்ந்துவிட்டால், அதாவது நடுமரம் முற்றி இறுகிவிட்டால், தேக்கைவிடக் கனம். நிலை, ஜன்னல் சட்டம், உத்தரம், மாட்டுவண்டி என்று காலங்காலமாக உழைத்த மரம். கரையானும் லேசில் அண்டாது. ஆனால் அதெல்லாம் வைரத்துக்குத்தான். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதி சீக்கிரம் உளுத்துவிடும். சட்டத்தை நாலு பக்கமும் புரட்டிப் பாருங்கள். வெள்ளை இருந்தால், "வார்னிஷ் அடிச்சா தெரியாதுங்க" என்பார்கள். தெரியாமல் இருப்பதா நமக்கு வேண்டும்?

இழைத்த சீவல் கொஞ்சம் கேட்டு வாங்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வேங்கையானால் தண்ணீர் பொன்னிறமாகும். வெயிலில், கருப்புத் துணிக்கு முன்னால் பிடித்தால் நீலம் மினுங்கும். இதே இனத்து மரங்கள் வேறு சிலவும் இப்படிக் காட்டும். அதனால் நீலம் வராவிட்டால் சந்தேகப்படலாமே தவிர, வந்துவிட்டதாலேயே முடிவுகட்ட முடியாது. பில்லில் மரத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

தண்ணீரைப் பொன்னிறமாக்கும் அந்தச் சாயம் பின்னால் தொல்லையும் தரும். ஈரம் பட்டால் மஞ்சளாகக் கசிந்து வெள்ளைச் சுவரில் கறை இறங்கும். நன்றாகக் காய்ந்த மரமாக வாங்கி, சுவரோடு ஒட்டும் பக்கங்களுக்கும் ப்ரைமர் அடித்த பிறகே நிலை நிறுத்துங்கள்.

கணக்கையும் நீங்களே போடுங்கள். 5க்கு 3 அங்குலச் சட்டத்தில் 7 அடிக் கால் இரண்டு, மேலும் கீழும் மூன்றரை அடி என்றால் மொத்தம் 21 அடி. அதை 15ஆல் (5 × 3) பெருக்கி 144ஆல் வகுத்தால் சுமார் 2.19 கன அடி. இதற்கு மேல் பில் போட்டால் காரணம் கேளுங்கள். நகைக்கடை மாதிரி இங்கேயும் சேதாரம் உண்டு. அது எவ்வளவு என்பதை அறுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு வேங்கை மர டம்ளர் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: ஆயுர்வேதத்தில் சர்க்கரைக்கு வேங்கையைச் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் ராத்திரி ஊறிய தண்ணீரில் மருந்துச் சத்து எவ்வளவு இறங்கியது என்று டம்ளரை வைத்து அளக்க முடியாது. ஆசைக்கு வாங்குவதானால் மெருகு பூசாததாக வாங்குங்கள். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.